முட்டைக்கோஸ் கால்

ஹிஸ்காவுக்குத் தன் கால்களைப் பார்க்கவே குமட்டியது. எட்டாம் மாதம் முடியும் தறுவாயில் கணுக்கால் எலும்பு இருந்த இடமே தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே எல்லாம் ஒரே கனமாக, பாலில் ஊறிய ரொட்டி மாதிரி வெளுத்துப் பொதபொதவென்று கிடந்தது. காலுறையின் விளிம்பு பதிந்த இடத்தில் மட்டும் சிவப்பாக ஒரு வளையம். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்தது. பத்து எண்ணும் வரைக்கும் அந்தக் குழி அப்படியே இருந்தது.

அந்தக் குழியை அவளுக்கு நன்றாகத் தெரியும். வீடு வீடாகப் போய், குனிய முடியாத கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் நகம் வெட்டி, கால் ஆணி செதுக்கி, புண்ணுக்குக் கட்டுப் போடுவது அவள் தொழில். ஃபிரீஸ்லாந்து மாகாணத்தின் அந்த மூலையில் ஆறு ஊர்க் கால்கள் அவள் பொறுப்பில் இருந்தன. மாட்டுக்கொம்பைப் போல் தடித்து மஞ்சளித்த நகங்கள், விரலிடுக்கில் புளித்து நாறும் ஈர அழுக்கு, செதுக்கச் செதுக்க மடியில் உதிரும் செத்த தோல். ஒன்பது வருஷமாக இதையெல்லாம் முகம் சுளிக்காமல் பார்த்துவிட்டாள். முகம் சுளிக்காததற்காகத்தான் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். வெறுமனே நகம் வெட்டப் பெற்ற மகள்களே போதும். வீட்டுக்கு வந்ததும் முழங்கை வரைக்கும் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவுவாள். அது யாருக்கும் தெரியாது.

இப்போது அப்படிப்பட்ட கால்களில் ஒரு ஜோடி அவள் உடம்பிலேயே வந்து ஒட்டிக்கொண்டது. எத்தனை தடவை கழுவி என்ன பயன்? படுக்கையில்கூட அவள் காலுறையைக் கழற்றவில்லை. வயிறு குறுக்கே வந்ததில் இரண்டு மாதமாகக் கால்விரல் கைக்கு எட்டவில்லை. நகங்கள் வளர்ந்து காலுறையை உள்ளிருந்து குத்தின. ஊருக்கெல்லாம் நகம் வெட்டுகிறவள், எனக்கு வெட்டிவிடுங்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது? கேட்பதைவிட அந்தக் காலை இன்னொருவர் பார்ப்பதை நினைத்தால்தான் அவளுக்குக் கூசியது.

கணவன் வீப்ரனிடம் சொல்லிப் பிரயோசனமில்லை. அவன் பண்ணை பண்ணையாகப் போய் மாட்டுக் குளம்பு சீவுகிறவன். மாட்டை நிறுத்தும் இரும்புக் கூண்டை வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு காலையில் கிளம்பினால் சாயங்காலம் சாணி தெறித்த முகத்தோடு வருவான்.

"கூண்டுல ஏத்தி வயித்துக்கடியில பட்டையப் போட்டுத் தூக்கிட்டேன்னா அஞ்சு நிமிஷ வேல" என்றான் ஒரு நாள், அவள் காலுறையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு. "எந்தப் பசுவும் உன்ன மாதிரி அலட்டிக்கிட்டதில்ல."

அவள் கையில் இருந்த ஈரத் துண்டை அவன் முகத்தில் வீசினாள். சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவன் கொண்டுவந்த குளம்பு நாற்றம் மட்டும் அறையிலேயே தங்கிவிட்டது.

நாற்றம்தான் அந்த வசந்தத்தில் அவளுக்குப் பெரிய எதிரி. குளிர்காலம் முழுக்கத் தொட்டியில் தேங்கிய சாணிக்கரைசலை விவசாயிகள் வயலுக்கெல்லாம் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் சாணி, மூடினால் முந்தாநாள் வறுத்த மீன். பாத்திரம் துடைக்கும் துணியில் ஒரு வாடை, தபால்காரியின் கோட்டில் ஒரு வாடை, சுத்தமான தண்ணீரில்கூட ஏதோ இரும்பு வாடை. கருவுற்றவள் முகத்தில் களை வந்திருக்கிறது என்று ஊரார் சொல்லும்போதெல்லாம் அவர்கள் வாயில் அடித்த காப்பி நாற்றம்தான் அவளுக்குத் தெரிந்தது.

இதற்கெல்லாம் அவளிடம் இருந்த ஒரே மருந்து ட்ராப். அதிமதுர வேரைக் காய்ச்சி, உப்பும் நவச்சாரமும் சேர்த்து இறுக்கிய கருப்பு மிட்டாய். ஒன்றைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டால் மூக்கின் உள்வரைக்கும் உறைத்து, அரை மணி நேரம் உலகம் நாறாமல் இருந்தது. ட்ராப் சாப்பிடுவதை அந்த ஊரில் யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. மேசைமேல் கிண்ணத்தில் கிடக்கும், கோட்டுப் பையில் கிடக்கும், வாயிலும் கிடக்கும். ஹிஸ்காவுக்கு அதைத் தேடி அலையும் வேலையும் இல்லை. பழைய வெண்ணெய் ஆலைக்காரர் ஊபெலே, எண்பத்து நாலு வயசு, வாராவாரம் தன் புண்ணுக்கு அவள் கட்டு மாற்றிவிட்டுக் கிளம்பும்போது ஒரு தகர டப்பா நிறைய எடுத்து நீட்டுவார். ஜனவரியில் ஆரம்பித்த பழக்கம். அடுத்த வாரம் அவள் காலி டப்பாவைத் திருப்பிக் கொடுப்பாள்.

மருத்துவச்சி மாரிட் அந்த வாரம் வந்து, ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். இரண்டு தடவை அடித்துப் பார்த்தாள். சிறுநீரைச் சோதித்துவிட்டு, அதில் ஒன்றும் இல்லை என்றாள். முகம் மட்டும் தெளியவில்லை.

"கீழ் எண் எம்பத்தெட்டு, ஹிஸ்கா. போன தடவ எம்பத்திரண்டு. தொண்ணூறத் தொட்டுச்சுன்னா நான் வீட்டுல பிரசவம் பாக்க முடியாது. நகரத்து ஆஸ்பத்திரிதான்."

தலைவலி, கண்ணில் பொறி பறப்பது, மேல்வயிற்று வலி, எது வந்தாலும் அந்த நிமிஷமே கூப்பிட வேண்டும் என்று சொன்னாள். இந்த வாரத்தோடு வேலையை நிறுத்தச் சொன்னாள். உப்பு எப்படி என்று கேட்டாள். பொட்டலச் சூப், வறுவல், ஊறுகாய் எதையும் தொடவில்லை என்று ஹிஸ்கா சத்தியமாகச் சொன்னாள். சொல்லும்போது கன்னத்தில் ஒன்று கரைந்துகொண்டிருந்தது. மாரிட்டும் எழுதி முடித்துவிட்டு, கிண்ணத்திலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். இரண்டு வாரத்துக்குள் திரும்ப வருவாள்.

ஹிஸ்கா மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். அந்த ஆஸ்பத்திரியில் அப்பாவின் பக்கத்தில் ஆறு வாரம் இருந்திருக்கிறாள். கிருமிநாசினி, அதற்கடியில் வேகவைத்த மீன், அதற்கும் அடியில் மனுஷ மூத்திரம். அவர் போன பிறகு அங்கே போட்டிருந்த சட்டைகளையெல்லாம் எரித்துவிட்டாள், மூக்கிலிருந்து மட்டும் அது போகவில்லை. தன் பிள்ளை உலகத்தில் இழுக்கும் முதல் மூச்சு அதுவா? மாடியில் அவள் கட்டில் தயாராக நின்றது. மருத்துவச்சியின் இடுப்பு ஒடியாமலிருக்க நான்கு காலுக்கும் மரக்கட்டை வைத்து உயர்த்தி, வெள்ளை விரிப்புப் போட்டாயிற்று. அந்த ஒரு அறையைத்தான் தினமும் துடைத்துத் துடைத்து நாற்றமில்லாமல் வைத்திருந்தாள். அதில்தான் பெற வேண்டும். அதைத் தவிர அவள் வேறு எதையும் கேட்கவில்லை.

மறுநாள் மாமியார் இம்க்யா இரண்டு முட்டைக்கோஸோடு வந்து இறங்கினாள். வீப்ரன் கூப்பிடுவதைப் போல ஹிஸ்காவும் அவளை மெம் என்றுதான் கூப்பிடுவாள், அம்மா என்று அர்த்தம். பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிடுவாள். ஐந்து பெற்றவள் இம்க்யா. ஐந்தும் வீட்டில், ஐந்தும் கோஸ் இலையின் மகிமை. கதவைத் தட்டாமல் வருவாள். வந்ததும் கெட்டிலை வைப்பாள். அவள் கம்பளிச் சட்டையில் ஆட்டுப்பட்டி வாடை அடிக்கும்.

"கால நீட்டு. பாக்க சகிக்கல, ஆனாலும் நீட்டு."

இலைகளைப் பிரித்து, சப்பாத்திக் கட்டை மாதிரி ஒன்றால் நரம்பு நொறுங்க உருட்டி, முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இறுக்கினாள். பாதத்தை மட்டும் தொடக் கூடாது என்று ஹிஸ்கா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். குட்டைக் காலுறை காலிலேயே இருந்தது. முதலில் இலை குளுகுளுவென்றிருந்தது நிஜம்தான். ஒரு மணி நேரத்தில் உடம்புச் சூட்டில் வெந்து, நசிந்து, பிளாஸ்டிக்குக்குள் வேர்த்து, சாயங்காலம் பிரித்தபோது எழுந்த வாடையில் ஹிஸ்கா நேராகப் பாத்திரத் தொட்டிக்கு ஓடினாள். அழுக்கடைந்த காலும் அரைவேக்காட்டுக் கோஸும் கலந்தால் என்ன வரும் என்பதைச் சொல்லி உங்களைப் படுத்த விரும்பவில்லை.

"தண்ணி இறங்குது பாரு" என்றாள் இம்க்யா, பழுத்துச் சுருண்ட இலையைப் பெருமையோடு தூக்கிக் காட்டி. இறங்கியது கோஸின் தண்ணீர்தான். அதைச் சொல்ல ஹிஸ்காவிடம் தெம்பு இல்லை. வாயில் இரண்டு மிட்டாயை ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கடைசி வேலை நாள். கடைசிக் கால் ஊபெலேயுடையது. ஒரு காலத்தில் ஆறு ஊரிலும் அவளுக்கு மிகவும் பிடிக்காத கால் அதுதான். நீலம் பாரித்து, நீர் கசிந்து, செருப்புக்கு வெளியே பிதுங்கி நிற்கும். கட்டைவிரல் நகம் ஓட்டுத் துண்டைப் போலிருக்கும். ஆனால் ஒன்றரை மாதமாக அந்தக் கால் ஆச்சரியமாகத் தேறிவந்தது. அன்றைக்குக் கட்டைப் பிரித்தபோது கணுக்கால் எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது, தோல் சுருங்கித் தொங்கியது, புண் காய்ந்திருந்தது. அவள் பழக்கதோஷத்தில் கட்டைவிரலால் அழுத்தினாள். குழி விழவில்லை. எண்பத்து நாலு வயசுக் கிழவரின் கால் தன் காலைவிட அழகாக இருப்பதைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது.

ஆனாலும் தொழில்காரி. கொஞ்சம் பெருமையும் இருந்தது. கீழிருந்து மேலாக நீவிவிட்டது வீண்போகவில்லை என்று அவரிடம் சொன்னாள்.

கிழவர் பொக்கை வாயால் சிரித்தார். "நீவினதா? மூணு வருஷமா நீவினியே தாயி, அப்பெல்லாம் ஏன் வத்தல?"

"பின்ன?"

"மிட்டாய விட்டுட்டேன். புதுசா ஒரு டாக்டர் பொண்ணு வந்துச்சில்ல ஜனவரில, அது கேட்டுச்சு, ஒரு நாளைக்கு எத்தன ட்ராப் திம்பீங்கன்னு. எண்ணிச் சொன்னேன். பேனாவக் கீழ வெச்சிட்டுச்சு. அதிமதுரம் உடம்புல தண்ணியப் பிடிச்சு நிறுத்துமாம், ரத்த அழுத்தத்த ஏத்துமாம். அன்னிக்கே விட்டேன். மூணாவது வாரம் செருப்பு கழண்டு ஓடுது."

ஹிஸ்காவின் கை நகவெட்டியோடு அப்படியே நின்றது. "அப்ப அந்த டப்பா?"

"பேத்தி வாராவாரம் அனுப்புறா. வேணாம்னு சொன்னா அவ மனசு நோகும். நல்ல சாமானக் குப்பையிலயும் போட முடியுமா? நீதான் ஆசையா வாங்கிக்கிட்ட. ரெண்டு உசுருக்குத் திங்கிறவ." அவர் கையை நீட்டி அலமாரியிலிருந்து அந்த வாரத்து டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்தே கொடுத்தார்.

அவள் நாக்குக்கடியில் அப்போதும் ஒன்று இருந்தது. அவசரமாகக் கையுறையில் துப்பினாள். கருப்பு எச்சிலோடு பாதி கரைந்த ஒரு வழவழப்பு உள்ளங்கையில் ஊர்ந்தது. அந்தக் கிழவரின் கால் நீர் முழுக்க, வாரம் ஒரு டப்பாவாக, ஒரு சொட்டு விடாமல் தன் காலில் வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளரின் வீட்டில் அவள் வாந்தி எடுத்தாள். கால் கழுவ வைத்திருந்த வெந்நீர்த் தொட்டிதான் கைக்கு எட்டியது. ஊபெலே பாவம், தன் காலைப் பார்த்துத்தான் இப்படி ஆகிவிட்டது என்று நினைத்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே காலைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார்.

டப்பாவில் இருந்ததை அன்றே கழிவறையில் கொட்டித் தண்ணீர் விட்டாள். கிண்ணத்தில் இருந்ததையும், கோட்டுப் பைகளில் இருந்ததையும், காரில் இருந்ததையும். அதோடு அவளுடைய ஒரே மருந்து போனது. மறைந்திருந்த நாற்றங்களெல்லாம் ஒன்று விடாமல் திரும்பி வந்தன. சாணி, மீன், குளம்பு, காப்பி, எல்லாவற்றுக்கும் மேலே கோஸ். இம்க்யா தினமும் வந்தாள், தினமும் இரண்டு வேளை கட்டினாள். ஹிஸ்கா மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக் கிடந்தாள். மிட்டாய் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. உடம்பைப் பற்றி ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் வாரம் ஒரு டப்பா தின்று வீங்கினாள் என்றால் சிரிப்பார்கள். வீப்ரனே முதலில் சிரிப்பான்.

ஐந்தாம் நாள் காலுறையின் தடம் ஆழம் குறைந்தது. எட்டாம் நாள் குழி மூன்று எண்ணுவதற்குள் மறைந்தது. ஒன்பதாம் நாள் கணுக்கால் எலும்பு மங்கலாகத் தலைகாட்டியது. அதைப் பார்த்து இம்க்யா உட்காரவே இல்லை. ரொட்டிக் கடையில் சொன்னாள், தேவாலயத்தில் சொன்னாள், பால் வண்டிக்காரனை நிறுத்திச் சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று ஹிஸ்கா விட்டுவிட்டாள். அந்தப் பெருமைதான் அவளுடைய அவமானத்தை மூடிய இலை.

பத்தாம் நாள் மாரிட் வந்தாள். ஹிஸ்கா உயரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள், கால்களில் காலை வேளைக் கட்டு. பட்டை இறுகித் தளர்ந்தது. மாரிட் இன்னொரு தடவை அடித்துப் பார்த்தாள்.

"எழுபத்தெட்டு. இங்கயே பெத்துக்கலாம்."

ஹிஸ்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சுவரையும் விரிப்பையும் ஜன்னலையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். இது போதும், இனி எந்த நாற்றம் வேண்டுமானாலும் அடிக்கட்டும் என்று நினைத்தாள்.

"நான் சொல்லல?" என்றாள் இம்க்யா, கைகளை மேலங்கியில் துடைத்துக்கொண்டு. "பக்கத்தூரு பால்பண்ணக்காரி இருக்காளே, அவளுக்கும் ஏழாம் மாசத்துலயே கால் இப்பிடித்தான். ரெண்டு நாளா தலவலி வேறயாம். ஆஸ்பத்திரிக்கெல்லாம் ஓடாத, யாரையும் கூப்பிடாத, மத்தியானம் நான் ரெண்டு கோஸோட வரேன்னு சொல்லி வெச்சிருக்கேன். பத்து நாள் கட்டுனா போதும்."

மாரிட் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள், அன்றைக்கு அவள் சொன்னது ஹிஸ்காவுக்கு ஞாபகம் வந்தது. தலைவலி என்றால் அந்த நிமிஷமே கூப்பிட வேண்டும். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் மாமியாரின் பெருமையும் பிழைக்கும், தன் மானமும் பிழைக்கும். அந்தப் பெண் என்ன ஆவாள்?

"கோஸ் இல்ல" என்றாள். "நான் ட்ராப் தின்னுக்கிட்டிருந்தேன். வாரத்துக்கு ஒரு டப்பா. ரெண்டு மாசமா. பத்து நாளைக்கு முன்னாடி விட்டேன், அதான் வத்துச்சு. கோஸுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அவளுக்கு இப்பவே போன் பண்ணுங்க."

மாரிட்டின் கன்னம் ஒரு பக்கம் புடைத்திருந்தது. மெல்லுவதை நிறுத்தினாள். எழுந்து போனை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கீழே அவள் குரல் வேகமாகக் கேட்டது, தலைவலி எப்போதிலிருந்து என்று கேட்டாள், உடனே கிளம்பத் தயாராக இருக்கச் சொன்னாள், தானே வந்து கூட்டிப்போவதாகச் சொன்னாள். பிறகு படியிலிருந்தபடியே ஹிஸ்காவைப் பார்த்து, இனி வாயில் போடுவது எதுவானாலும் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று கண்டித்துவிட்டுக் கிளம்பினாள். வாசலில் கார் உறுமிப் போனது.

அறையில் இரண்டு பேரும் கோஸ் வாடையும் மிஞ்சினார்கள். இம்க்யாவின் முகம் சிவந்து, பிறகு வெளிறிப்போயிருந்தது.

"அவகிட்ட யாரையும் கூப்பிடாதன்னு சொல்லிட்டேனே" என்றாள். வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, "பதினோரு கோஸ். என்கிட்ட ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு, மெம்."

இம்க்யா கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தாள். பிளாஸ்டிக்கைக் கிழித்து, வெந்த இலைகளை உருவி வாளியில் போட்டாள். கோபத்தில் இரண்டு காலையும் துணியால் அழுத்தித் துடைத்தாள். பிறகு, ஹிஸ்கா தடுப்பதற்குள், குட்டைக் காலுறைகளையும் இழுத்துக் கழற்றிவிட்டாள்.

இரண்டு மாத நகங்கள். வளைந்து, அடியில் கருப்பு அழுக்கு அடைந்து, ஒன்று பக்கத்து விரலைக் குத்திக் காய்ந்த ரத்தத்தோடு. விரலிடுக்கில் வெள்ளையாக ஊறிய தோல். காலுறைக்குள் அடைபட்டிருந்த நாற்றம் முகத்துக்கு ஏறியது. ஹிஸ்கா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், வயிறு விடவில்லை.

"சீ" என்றாள் இம்க்யா. வாய்விட்டே சொன்னாள்.

கீழே போனாள். வீட்டுக்குத்தான் போகிறாள் என்று ஹிஸ்கா நினைத்தாள். திரும்பி வந்தபோது கையில் ஹிஸ்காவின் வேலைப் பெட்டியும் மடக்கு முக்காலியும் இருந்தன. கட்டில் உயரமாக இருந்ததால் முக்காலி உதவவில்லை. அதை எட்டித் தள்ளிவிட்டு, நின்றபடியே குதிகாலைத் தூக்கித் தன் கம்பளிச் சட்டையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"கையுறை மேல் தட்டுல இருக்கு, மெம்."

"அது எனக்கெதுக்கு."

"அருவருப்பா இல்லையா?"

"ரொம்ப" என்றாள் இம்க்யா. "ஆடாம இரு."

முதல் நகம் தெறித்துப்போய்க் கட்டிலுக்கடியில் மரக்கட்டையின் பக்கத்தில் விழுந்தது. ஹிஸ்கா அழுதாள், மூக்கைத் துணியால் பொத்தவில்லை. இம்க்யா ஒவ்வொரு விரலுக்கும் மூஞ்சியைச் சுளித்தாள், ஒவ்வொன்றையும் வெட்டினாள்.